யன்னல் சீலை

தனுஷாவின் கூறைச்சேலையில் பாயாசம் கொட்டியது கலியாணத்தன்று பின்னேரம், எல்லாரும் படம் எடுக்க நெருக்கியடித்து நின்றபோது. யாருடைய கையோ தட்டுப்பட்டு யாருடைய கோப்பையோ சரிந்தது. தலைப்பின் சரிகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஊறிவிட்டது. கலியாண வீட்டில் நடக்காத காரியம் இல்லை என்று எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளை லதீசனின் தாய் புஷ்பமலர் மட்டும் குனிந்து பார்த்து, "நல்ல இடமாப் பாத்துக் குடுத்துக் கழுவுங்கோ. சும்மா தண்ணியிலை போட்டிடாதேங்கோ" என்றார்.

அந்தச் சேலையை எடுத்தவர் அவர்தான். நோர்வேயின் துரொண்ட்ஹெய்மிலிருந்து காஞ்சிபுரம்வரை போய், கடை கடையாக ஏறி இறங்கி, மருமகளின் நிறத்துக்கு எந்த அரக்கு எடுக்கும் என்று தன் கையில் வைத்துவைத்துப் பார்த்து எடுத்தது. கூறை மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பது. அதை உடுத்து வந்து மணவறையில் இருந்த பிறகுதான் தாலி ஏறும். அதனால் மற்றச் சேலைகளோடு அதை ஒன்றாக எண்ணுவதில்லை.

கலியாணம் முடிந்து தனுஷா புருசனோடு துரொண்ட்ஹெய்முக்குப் போனபோது கூறையைத் தாயிடம் விட்டுப் போனாள். "அம்மா, நீங்களே ரென்சரியிலை குடுத்துக் கழுவி எடுத்து வையுங்கோ. சித்திரையிலை சுபேசன்ர வெடிங்குக்கு எனக்கு வேணும்." சுபேசன் லதீசனின் தம்பி. அவனுக்குச் சகோதரி இல்லாததால் தனுஷாதான் தோழியாக நிற்க வேண்டும். தோழி தன் கூறையை உடுத்து நிற்க வேண்டும் என்பது புஷ்பமலரின் ஆசை.

தனுஷாவின் தாய் சிறிதேவி ஒஸ்லோவில் டிராம் ஓட்டுபவர். ஹவுகன்ஸ்டுவாவில் அடுக்குமாடி வீடு. கணவர் ஆனந்தராஜா ஒரு பாடசாலையில் பராமரிப்பு வேலை. நோர்வேக்கு வந்து இருபது வருடமாகிறது. டிராமில் வழி கேட்கிற சனத்துக்கு நின்ற இடத்திலேயே நோர்வேஜிய மொழியில் பதில் சொல்லிப் பழகியவர். அவருடைய மொழியில் யாரும் குறை சொன்னதில்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. அவருடைய பெயரின் முன்பாதி நோர்வேஜியர் காதில் 'சிரி' என்று விழும். அது அங்கே பெண்களுக்கு வைக்கிற பெயர். தொலைபேசியில் "சிரி பேசுகிறேன்" என்றால் எந்தக் கடையும் தேனாக உருகும். நேரில் போய் நின்றால் அந்தத் தேன் வற்றிப்போகும். அடுப்புத் திருத்த வந்தவன் கதவைத் திறந்த அவரிடமே "வீட்டுக்காரி இருக்கிறாளா?" என்று கேட்டிருக்கிறான். பல் வைத்தியரின் வரவேற்பறைப் பெண், காது கேளாதவரிடம் பேசுவதுபோல் ஒவ்வொரு சொல்லாக உரக்கச் சொல்லியிருக்கிறாள். சிறிதேவி இவற்றையெல்லாம் வீட்டுக்கு வந்து சொல்லிக் கொதிப்பார். ஆனந்தராஜா, "உதுகளைப் பெரிசா எடுத்தா இஞ்சை இருக்கேலாது அப்பா" என்பார்.

கூறையைக் கொடுத்த சலவைக் கடை ஒரு பெரிய வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. நகரில் பல கிளைகள் உள்ள கடை. கண்ணாடிக் கதவும், வெள்ளை விளக்கும், ஒருவித மருந்து வாசனையுமாக நம்பிக்கை தருகிற மாதிரித்தான் இருந்தது. கவுண்டரில் நின்ற இளம்பெண் சேலையை விரித்தாள். விரிக்க விரிக்க வந்துகொண்டே இருந்தது.

"இது என்ன?"

"சேலை. என் மகளின் கலியாண உடை. கையால் நெய்த பட்டு."

அவள் பணப்பெட்டியின் திரையைத் தட்டினாள். கோட்டு, கால்சட்டை, போர்வை, மேசைவிரிப்பு, புனாட் என்று வாய்க்குள் வாசித்துக்கொண்டே போனாள். புனாட் என்பது நோர்வேக்காரர் தேசிய தினத்திலும் கலியாணங்களிலும் உடுத்தும் ஊர்ப் பாரம்பரிய உடை. அதற்குத் தனிப் பொத்தான் இருந்தது.

"உங்களுடையதற்குப் பொத்தான் இல்லை. திரைச்சீலை என்று போடுகிறேன். நீளத்துக்கு அதுதான் சரிவரும்."

"இது யன்னலில் போடுகிற துணி இல்லை. உடுக்கிறது."

"ஓ, ஆமாம் ஆமாம். கணினிக்காக மட்டும்தான்."

சிறிதேவிக்கு முகம் சுண்டியது. பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். வேலைக்கும் நேரமாகிவிட்டது. பற்றுச்சீட்டை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

சொன்ன நாளில் போனபோது சேலை வரவில்லை. கறை அகற்றும் தொழிற்சாலையில் நிற்கிறது என்றார்கள். அடுத்த முறை போனபோது பட்டுக்குக் கூடுதல் நேரம் எடுக்கும் என்றார்கள். அதற்கடுத்த முறை வேறொரு பெண் நின்றாள். அவள் திரையைப் பார்த்துவிட்டு, "நீங்கள் எங்கள் கடையில்தான் கொடுத்தீர்களா?" என்று கேட்டாள். சிறிதேவி பற்றுச்சீட்டைக் காட்டினார். அவள் உள்ளே போய் உடுப்புகள் தொங்கும் வரிசையில் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தாள்.

"திரைச்சீலைகள் வைக்கிற இடத்தில் பார்த்தீர்களா? நீங்கள்தான் அப்படிப் பதிந்தீர்கள்" என்றார் சிறிதேவி.

"பார்த்தாயிற்று. அங்கே உடை ஒன்றும் இல்லை."

டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்பு முகாமையாளரைச் சந்திக்கக் கிடைத்தது. மெல்லிய கண்ணாடி போட்ட, நாற்பது வயது மதிக்கத்தக்க மனிதர். கதிரை கொடுத்தார். கோப்பி வேண்டுமா என்றும் கேட்டார். குரலை ஒருமுறைகூட உயர்த்தவில்லை. அதுதான் பிறகு சிறிதேவிக்கு நினைக்க நினைக்க எரிந்தது.

"வருந்துகிறோம். பொருள் காணாமல் போயிருக்கிறது என்றே கொள்ளவேண்டும். விதிப்படி, பாவித்த திரைச்சீலைக்கான இழப்பீடு உங்களுக்குக் கிடைக்கும்."

"திரைச்சீலை இல்லை. கலியாண உடை. அதுவும் ஒரே ஒரு நாள் உடுத்தது."

"பதிவில் திரைச்சீலை என்றுதான் உள்ளது."

"அது உங்கள் ஆள் பதிந்தது. நான் அப்போதே இல்லை என்று சொன்னேன்."

அவர் கைகளைக் கோத்துக்கொண்டார். "நகரில் குரொன்லாண்டுப் பகுதியில் உங்கள் ஆட்களின் துணிக்கடைகள் நிறைய இருக்கின்றனவே. இதேபோல் ஒன்று வாங்கிக்கொள்ளலாம், இல்லையா? நாங்கள் தருவது அதற்கு உதவியாக இருக்கும்."

சிறிதேவி கேட்டார். "ஒரு நோர்வேஜியப் பெண்ணின் புனாட்டைத் தொலைத்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பீர்களா? கடையில் இன்னொன்று வாங்குங்கள் என்று?"

முகாமையாளர் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. குழந்தைக்கு ஒன்றை விளக்குகிறவரின் சிரிப்பு. "புனாட் வேறு. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது."

சிறிதேவி கோப்பியைத் தொடாமல் எழுந்து வந்தார். வளாகத்தின் வாசலில் நத்தார் மரத்துக்குப் பக்கத்தில் நின்று கையுறையைப் போட முயன்றார். வலக்கைக்கு உரியதை இடக்கையில் மாட்டிவிட்டுக் கழற்றினார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஆனந்தராஜா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"தாறதை வாங்கிக்கொண்டு விடுமப்பா. நாங்கள் வந்த ஆக்கள். எல்லாத்துக்கும் சண்டைக்குப் போகேலாது."

"வந்த ஆக்களோ? வந்து இருபது வருசம். இன்னும் எத்தினை வருசம் வந்துகொண்டே இருக்கிறது? வரி கட்டேக்கை மட்டும் இருந்த ஆக்கள், கடைக்குப் போனா வந்த ஆக்களோ?"

"நான் அதைச் சொல்லேல்லை."

"நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். புஷ்பமலரக்காவுக்கு நான் என்ன சொல்லுறது? அவ பாத்துப் பாத்து எடுத்த கூறையை அவவின்ரை சம்பந்தி துலைச்சுப்போட்டா எண்டு ஊரெல்லாம் கதைக்காதோ?"

ஆனந்தராஜா தொலைக்காட்சியின் சத்தத்தைத் திரும்பக் கூட்டினார். தனுஷா தொலைபேசியில் கூறையைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் சிறிதேவி "இன்னும் வரேல்லைப் பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அது பொய்யில்லை. ஆனால் சொல்லி முடித்த கையோடு ஒவ்வொரு முறையும் கதையை மாற்றினார்.

தை மாதம் பிறந்து, ஓய்வு நாளொன்றில் சமையலறையில் நின்றபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. கடைக்குத் தொலைபேசி எடுத்தார். முழுப் பெயரைச் சொல்லவில்லை. "ஹாய், நான் சிரி. உங்களிடம் ஆட்கள் எடுக்காமல் விட்ட திரைச்சீலைகள் விற்பீர்களாமே? பட்டில் சிவப்பாக ஏதாவது இருக்குமா?"

மறுமுனையில் குரல் மலர்ந்தது. "ஐயோ, கொஞ்சம் பிந்திவிட்டீர்களே! நத்தாருக்கு முந்திய விற்பனையில் ஒன்று போனது. அற்புதமான துணி. கருஞ்சிவப்பு, கரையில் தங்க நூல். நானே எடுக்க நினைத்தேன், என் யன்னலுக்கு நீளம் அதிகம். உங்கள் இலக்கத்தைத் தாருங்கள், அப்படி ஏதாவது வந்தால் கட்டாயம் எடுத்துச் சொல்கிறேன், சிரி."

சிறிதேவி தொலைபேசியை வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அவர் வந்து வந்து கேட்ட நாட்களிலெல்லாம் சேலை அந்தக் கடைக்குள்ளேயே தொங்கியிருக்கிறது. உடுப்பைத் தேடுகிறோம் என்று உடுப்பு வரிசையில் தேடியிருக்கிறார்கள். திரைச்சீலை வரிசையில் உடை இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். யாரும் எடுக்க வராத திரைச்சீலை என்று, அதை எடுக்க வந்துகொண்டிருந்தவரின் கண்ணுக்கு முன்னாலேயே விற்றிருக்கிறார்கள்.

மறுநாள் வேலை முடிந்த கையோடு முகாமையாளரிடம் போனார். இந்த முறை கதிரையில் இருக்கவில்லை.

"என் சேலையை விற்றுவிட்டீர்கள்."

அவர் கணினியில் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். "இல்லை. நாங்கள் விற்றது ஒரு திரைச்சீலை. நீங்கள் தேடுவது ஒரு உடை என்று நீங்களே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். உடை எதையும் நாங்கள் விற்கவில்லை."

"இழப்பீடு என்று வரும்போது திரைச்சீலை. விற்றதைக் கேட்டால் உடை. அப்படித்தானே?"

"நான் பதிவில் உள்ளதைத்தான் சொல்ல முடியும்."

"யாருக்கு விற்றீர்கள்?"

"வாடிக்கையாளரின் விபரத்தை வெளியில் கொடுக்க முடியாது. அது உங்களுக்கும் பாதுகாப்புத்தானே."

அன்று சிறிதேவி கத்தினார். கடைக்குள் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்ன கத்தினோம் என்று பிறகு அவருக்கே சரியாக ஞாபகமில்லை. பாதி தமிழில் கத்தியதாக மட்டும் தெரியும். காவலாளி ஒருவன் வந்து மிகவும் மரியாதையாக முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனான்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் அவர் யாரோடும் அதிகம் கதைக்கவில்லை. டிராமை ஓட்டினார், வீட்டுக்கு வந்தார், சமைத்தார். ஆனந்தராஜாவுக்கே பயம் வந்து, "வேணுமெண்டா ஒரு லோயரைக் கேப்பமோ?" என்றார். சிறிதேவி சோற்றை வடித்துக்கொண்டே நின்றார்.

மாசி மாதத்துக் காலை ஒன்றில் டிராம் குரூனர்லொக்கா வழியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இரவு முழுக்கக் கொட்டிய பனியை வழித்து ஓரத்தில் குவித்திருந்தார்கள். வெயில் நல்லாக எறித்தது. ஒலாவ் ரைஸ் சதுக்கத் தரிப்பில் ஆட்கள் ஏறும்வரை நிறுத்தி வைத்துக்கொண்டு சிறிதேவி பக்கவாட்டில் பார்த்தார். புதிதாகத் திறந்த ஒரு கோப்பிக் கடை. அதன் இரண்டு பெரிய யன்னல்களிலும் கருஞ்சிவப்புத் துணி தொங்கியது. வெயில் பட்டுச் சரிகைக் கட்டங்கள் மின்னின. தலைப்பில், மாங்காய்க் கரைக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல்.

டிராம் சாரதி தன் ஆசனத்தைவிட்டு இறங்கக் கூடாது. சிறிதேவிக்கு அது தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு அதைப் பழக்கிக் கொடுப்பவரே அவர்தான். அவர் பிரேக்கைப் பூட்டினார். திறப்புச் சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். ஒலிவாங்கியை எடுத்து, "சிறு தாமதம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வீதியைக் கடந்தார்.

உள்ளே ஒரு இளம்பெண் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டு நின்றாள். இங்வில்ட் என்று பெயர். கடையின் சொந்தக்காரி அவள்தான். சீருடை போட்ட டிராம் சாரதி ஒருவர் மூச்சுவாங்க வந்து நிற்பதைக் கண்டு, விபத்து ஏதோ நடந்துவிட்டதென்று பயந்துபோனாள்.

"அந்தத் துணி எங்கே வாங்கியது?"

"அதுவா? சலவைக் கடையொன்றில், எடுக்காத பொருள்களை விற்றார்கள். இந்தியத் திரைச்சீலையாம். அழகாக இருக்கிறது, இல்லையா? வருகிற எல்லாரும் கேட்கிறார்கள்."

"அது என் மகள் கலியாணத்தன்று உடுத்தது."

இங்வில்ட் யன்னலைப் பார்த்தாள். திரும்பிச் சிறிதேவியைப் பார்த்தாள். கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "உடுத்ததா?"

"உடுத்தது."

சிறிதேவி யன்னலுக்குக் கிட்டப் போய்ச் சேலையைக் கையில் எடுத்தார். அப்போதுதான் கண்டார். ஒரே துணி இரண்டு யன்னலுக்கு எப்படிக் காணும் என்று அதுவரை அவருக்குத் தோன்றவே இல்லை. நடுவால் வெட்டியிருந்தார்கள். வெட்டிய ஓரத்தை மடித்து நேர்த்தியாகத் தைத்திருந்தார்கள். மேலே வரிசையாக இரும்பு வளையங்கள் குத்தியிருந்தன.

"ஐயோ" என்றார், தமிழில். அந்தக் கடையிலிருந்த எல்லாருக்கும் அது விளங்கியது.

இங்வில்ட் கதிரையை இழுத்துப் போட்டு ஏறித் தானே கழற்றத் தொடங்கினாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் அதை மதிப்பாகத்தான் வைத்திருந்தேன். உண்மையாக" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சிறிதேவிக்கு அவள்மேல் கோபம் வந்தது. அவள்மேல் கோபப்பட ஒன்றுமில்லை என்பதில் இன்னும் கோபம் வந்தது. வளையங்கள் ஒவ்வொன்றாகக் கிலுங்கி இறங்கின. வெளியே தரிப்பில் டிராம் நின்றது. அதற்குப் பின்னால் இன்னொரு டிராம் வந்து நின்று மணியடித்தது.

இரண்டு துண்டுகளையும் தோளில் போட்டுக்கொண்டு அவர் திரும்பி ஏறியபோது ஒரு ஆள் கடிகாரத்தைத் தட்டிக் காட்டி ஏதோ முறுமுறுத்தார். சிறிதேவி ஒலிவாங்கியை எடுத்தார்.

"தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். சலவைக்குக் கொடுத்த என் மகளின் கலியாண உடையை ஒரு கடை விற்றுவிட்டது. அதை யன்னலில் கண்டேன். இறங்கிப் போய் எடுத்து வந்தேன். இனி ஓட்டுகிறேன்."

நகர மையத்துக்கு வந்தபோது இறங்கிப் போன ஒரு பெண் மட்டும் முன்கதவுக்கு வந்து, "எந்தக் கடை?" என்று கேட்டாள். சிறிதேவி சொன்னார். "இனி அங்கே போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அன்றே மேலதிகாரி கூப்பிட்டு எச்சரிக்கை கொடுத்தார். "இனிச் செய்யமாட்டீர்கள்தானே?" என்று கேட்டார். "இன்னொரு முறை என் மகளின் கலியாண உடையை யாரும் விற்காவிட்டால்" என்றார் சிறிதேவி.

பின்னேரம் வீட்டுக்கு வந்து, உடுப்பு மாற்றாமலே துரொண்ட்ஹெய்முக்குத் தொலைபேசி எடுத்தார். மகளுக்கல்ல, புஷ்பமலருக்கு. முதலிலிருந்து கடைசிவரை ஒன்றும் விடாமல் சொன்னார். திட்டு வாங்கத் தயாராகத்தான் சொன்னார்.

"அக்கா? கேக்குதோ?"

"கேக்குது. வரலாறு இல்லையெண்டோ சொன்னவன்?"

"ஓம் அக்கா. புனாட்டுக்குத்தான் வரலாறு இருக்காம்."

"சனிக்கிழமை கடை திறப்பினமோ?"

"ஓம்."

"நான் வாறன். அந்த ரெண்டு துண்டையும் எடுத்து வையும். ஒருத்தருக்கும் குடுக்காதையும்."

புஷ்பமலர் கட்டையான, அதிர்ந்து பேசாத மனுசி. சபையில் அவருடைய குரலைக் கேட்டவர்கள் குறைவு. ஆனால் துரொண்ட்ஹெய்முக்கு வர முன்பு அவர் பன்னிரண்டு வருடம் நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் வெட்டு மேசையில் நின்றவர். நோர்வேஜிய மொழியை அங்கேதான் படித்தார், புத்தகத்தில் அல்ல, பக்கத்தில் கத்தி பிடித்து நின்ற பெண்களிடம். அந்தப் பக்கத்து ஆட்களின் பேச்சில் பிசாசின் பெயர் மூச்சுவிடுகிற மாதிரி வந்துபோகும். ஒருவரும் அதைக் குற்றமாக எடுப்பதில்லை. சிறிதேவிக்கு இது தெரியாது. சம்பந்தியோடு அவர் ஒருநாளும் நோர்வேஜிய மொழியில் கதைத்ததில்லை.

சனிக்கிழமை மதியம் கடையில் நல்ல கூட்டம். முகாமையாளர் கவுண்டரில் நின்றார். சிறிதேவியைக் கண்டதும் காவலாளியைத் தேடிக் கண்ணை ஓட்டினார். புஷ்பமலர் வரிசையைத் தாண்டவில்லை. தன் முறை வரும்வரை நின்றார். பிறகு இரண்டு துண்டுகளையும் கவுண்டரில் விரித்து, வளையம் குத்திய ஓட்டைகள் தெரிகிற மாதிரி இழுத்துவிட்டார்.

"இதை இவ உங்களிட்டை முழுசாத் தந்தவ. இப்ப ரெண்டா இருக்கு" என்றார், அசல் வடக்கத்தி நோர்வேஜிய மொழியில். வரிசையில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அந்த விடயம் முடிந்துவிட்டது என்று நான் ஏற்கெனவே..."

"முடியேல்லை. இது என்ன?"

"பதிவில்..."

"பதிவைக் கேக்கேல்லை. உன்ரை கண்ணைக் கேக்கிறன். இது என்ன?"

முகாமையாளர் கணினித் திரையின் பக்கம் திரும்பினார். புஷ்பமலர் கவுண்டருக்குப் பின்னால் தொங்கிய உடுப்புகளை நோட்டம் விட்டார். கண்ணாடித் தாளால் மூடிய ஒரு புனாட் அங்கே தொங்கியது. கறுப்புக் கம்பளித் துணியில் பூவேலை செய்தது.

"சரி. அந்த மேசைவிரிப்பு என்ன விலை?"

"எந்த மேசைவிரிப்பு?"

"அந்தக் கறுப்பு. பூப்போட்டது. எனக்கு ரெண்டு மேசை இருக்கு. வெட்டித்தான் போடவேணும். கத்திரிக்கோல் தா."

"அது புனாட்!"

"எண்டு நீ சொல்லுறாய். எங்கடை வீட்டிலை அதுக்குப் பொத்தான் இல்லை. பிசாசே, மேசைவிரிப்பு எண்டு போடு. என்ன குறைஞ்சுபோச்சு?"

வரிசையின் பின்னாலிருந்து வயதான நோர்வேக்காரர் ஒருவர் முன்னுக்கு வந்தார். "அது என் மனைவியின் புனாட்" என்றார். குரல் இறுகியிருந்தது. புஷ்பமலரோடு சண்டை பிடிக்கத்தான் வருகிறார் என்று சிறிதேவி நினைத்தார். ஆனால் அவர் கவுண்டரில் விரிந்து கிடந்ததைப் பார்த்தார். வெட்டிய ஓரத்தை விரலால் தொட்டார்.

"இது கலியாண உடையா?"

"ஓம். என்ரை மருமகளின்ரை" என்றார் புஷ்பமலர்.

கிழவர் முகாமையாளரிடம் திரும்பினார். "அதை எடுத்துத் தாருங்கள். என் மனைவியின் உடையை. இப்போதே."

"இன்னும் கறை போகவில்லை..."

"கறையோடு தாருங்கள்."

இன்னும் இரண்டு பேர் தங்கள் பொருள்களைத் திருப்பிக் கேட்டார்கள். முகாமையாளரின் முகம் கழுத்துவரை சிவந்துபோயிற்று. அவர் கண்ணாடியைக் கழற்றினார். முதல்முறையாகச் சிறிதேவியின் முகத்தை நேரே பார்த்தார்.

"மன்னியுங்கள்" என்றார். இதுவரை சொல்லிக்கொண்டிருந்த 'வருந்துகிறோம்' அல்ல. "நாங்கள் தேடவேண்டிய இடத்தில் தேடவில்லை. நீங்கள் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும்."

"முதலிலை இதைச் சொல்லியிருந்தா நான் டிக்கெட் எடுத்து வந்திருக்கமாட்டன்" என்றார் புஷ்பமலர். சேலைத் துண்டுகளை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் இருவரும் வளாகத்தின் நடுவிலிருந்த வாங்கில் இருந்தார்கள்.

"அக்கா, நீங்கள் இப்பிடிக் கதைப்பியள் எண்டு எனக்குத் தெரியாது."

"நானும் மறந்துபோனன். கனகாலம்."

"கோவமில்லையோ என்னிலை?"

"உம்மிலை ஏன்? நீர் நல்ல இடத்திலை குடும் எண்டு சொன்னது நான்தானே." அவர் கொஞ்ச நேரம் துண்டுகளைத் தடவிக்கொண்டிருந்தார். "ஆனா இதை இனித் தைச்சு உடுக்க நான் விடமாட்டன். வெட்டுப்பட்ட கூறையோடை என்ரை மருமகள் மணவறையிலை நிக்கமாட்டாள். கேக்கிற ஆக்களுக்கு நடந்ததைச் சொல்லுவம். எங்களுக்கு என்ன வெக்கம்? செய்தவன் வெக்கப்படட்டும்."

பிறகு கடையின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பூங்கொத்தும் இழப்பீட்டுப் பத்திரமும் வந்தன. பத்திரத்தில் பொருள் என்ற இடத்தில் அப்போதும் திரைச்சீலை என்றே இருந்தது. ஆனந்தராஜா அதை வாசித்துவிட்டு, வழக்கம்போல் 'விடுமப்பா' என்று சொல்லப்போகிறார் என்று சிறிதேவி காத்திருந்தார். அவர் அதை இரண்டாகக் கிழித்துக் குப்பைக்குள் போட்டார். பூங்கொத்தைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்தார்கள்.

சித்திரையில் துரொண்ட்ஹெய்மில் சுபேசனின் கலியாணம் நடந்தது. தனுஷா பச்சைச் சேலை உடுத்துத் தோழியாக நின்றாள். சடங்கு முடிந்து சாப்பாட்டுக்கு இருந்தபோது ஒரு மனுசி சிறிதேவியின் பக்கம் சாய்ந்து, "ஏன் மகள் கூறை உடுக்கேல்லை? ஏதும் மனஸ்தாபமோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

சிறிதேவி வாய் திறக்க முன்பே, பரிமாறிக்கொண்டு போன புஷ்பமலர் சாம்பார் வாளியோடு நின்றுவிட்டார். "ஒஸ்லோவிலை ஒருத்தன் அதை யன்னல் சீலை எண்டு வித்துப்போட்டான். சொல்லும் சிறிதேவி, இவைக்கு முழுக்கச் சொல்லும்."

சிறிதேவி சொல்லத் தொடங்கினார். பொத்தானில்லாத பணப்பெட்டி, தேடாத வரிசை, குடிக்காத கோப்பி என்று ஒன்றும் விடவில்லை. சொல்லச் சொல்லக் கோபம் முதல்நாள் வந்த மாதிரியே வந்தது. மேசையிலிருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். முடிவில் ஒருவர், "சரி, பிழையெண்டு அவனே ஒத்துக்கொண்டிட்டான்தானே. இனி மறந்திடுங்கோ" என்றார்.

"ஏன் மறக்கவேணும்?" என்றார் சிறிதேவி. அவருடைய கையில் சோறு காய்ந்துபோயிருந்தது. "என்ர பிள்ளையின்ர கூறை அண்ணை அது. அதுக்கு வரலாறு இல்லையாம். நான் உயிரோடை இருக்குமட்டும் சொல்லுவன்."

அடுத்த மேசையில் இருந்தவர்கள் என்ன நடந்தது என்று கேட்டுக் கதிரையைத் திருப்பினார்கள்.